சபுரோ சகாய்: ஒற்றைக் கண்ணோடு ரபாவுல் திரும்ப பெட்ரோல் எப்படிப் போதுமானதாக இருந்தது?

தும்பி:
1942 ஆகஸ்ட் 7. குவாடல்கனால் தீவுக்கு மேலே தலையில் குண்டு பட்டது. வலது கண் போனது, இடது கையும் காலும் மரத்துப்போயின. அந்த நிலையில் ஜப்பானியக் கடற்படை விமானி சபுரோ சகாய் தன் ஜீரோ போர் விமானத்தை 1,040 கிலோமீட்டர் கடல் தாண்டித் தன் தளமான ரபாவுலில் கொண்டுவந்து இறக்கினார். 4 மணி 47 நிமிடம் பறந்திருக்கிறார்.

எங்கே படித்தாலும் "மன உறுதி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் எஞ்சின் ஓடுவது பெட்ரோலில். காலையில் அதே தூரம் போய், சண்டையும் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் டேங்கில் என்ன மிஞ்சியிருக்கும்? இரண்டாவது சந்தேகம்: அவ்வளவு அனுபவம் உள்ளவர், பின்னால் துப்பாக்கிக்காரர் உட்கார்ந்திருக்கும் விமானத்தின் வால் பக்கமாகப் போய் எப்படி மாட்டினார்? அவர் இறந்த விதத்தையும் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

காற்றாடி:
பெட்ரோல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். இதற்கான விடை 1941-லேயே, தைவானின் தைனான் தளத்தில் இருக்கிறது.

அங்கிருந்து பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்புவது அப்போதைய ஒற்றை எஞ்சின் போர் விமானத்துக்கு ஆகாத தூரம். முதலில் ஜீரோக்களைச் சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களில் ஏற்றி அருகே கொண்டுபோகத்தான் திட்டம். கப்பலே வேண்டாம், நேரே பறந்துவிடலாம் என்று ஆனது விமானிகள் பெட்ரோலைச் சிக்கனம் பண்ணக் கற்றுக்கொண்டதால்தான்.

முறை இதுதான். உயரம் சுமார் 12,000 அடி. வேகம் 115 நாட், அதாவது மணிக்கு 213 கிலோமீட்டர். புரொப்பெல்லர் சுழற்சியை நிமிடத்துக்கு 1,700 முதல் 1,850 வரை இறக்கிவிட வேண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோலைக் குறைத்து, எஞ்சின் இருமத் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். சுழற்சி குறைந்தால் எஞ்சின் தன் உராய்வுக்கே வீணாக்கும் சக்தி குறைகிறது. லாபம் அங்கேதான் பெரிதாக வருகிறது.

இதில் கெடக்கூடியவையும் உண்டு. கலவை அளவுக்கு மீறி மெலிந்தால் எஞ்சின் அதிரும், இழுவை விட்டுவிட்டு வரும். சுழற்சியை ரொம்ப இறக்கி நெடுநேரம் ஓட்டினால் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும். வேகம் மேலும் குறைந்தால் மூக்கைத் தூக்கிப் பிடித்தே பறக்க வேண்டும், அப்போது காற்றுத் தடை ஏறி, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அதனால் காதை எஞ்சின் சத்தத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

மணிக்கு 35 கேலன் செலவழித்த விமானிகள் சராசரியாக 18 கேலனுக்கு வந்தார்கள் என்று சகாய் சொல்கிறார். லிட்டரில் சுமார் 132-லிருந்து 68. அவருடைய சொந்தச் சாதனை 17 கேலனுக்கும் கீழே.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாடல் ஜீரோவின் உள் டேங்குகள் சுமார் 520 லிட்டர் பிடிக்கும். வயிற்றில் மாட்டும் கழற்றிவிடும் டேங்க் 330 லிட்டர். போகும்போது முதலில் வெளி டேங்கைத்தான் காலி செய்வார்கள், சண்டைக்கு முன் அதை உதிர்த்துவிடுவார்கள். ஆகவே உள் டேங்கின் பெரும்பகுதி திரும்பும் வழிக்கு மிஞ்சும், சண்டையில் முழு விசையில் குடித்தது போக. 4 மணி 47 நிமிடத்தை 68 லிட்டரால் பெருக்கினால் சுமார் 325 லிட்டர் வருகிறது. பழைய 132 லிட்டர் கணக்கில் 630 லிட்டருக்கு மேல்! உள் டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தாலும் போதாது.

இன்னொரு சரிபார்ப்பும் இருக்கிறது. 1,040 கிலோமீட்டரை 4 மணி 47 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 217 கிலோமீட்டர். தைனானில் பழகிய அதே 115 நாட்டை ஒட்டித்தான் வருகிறது.

இறக்கை21:
காற்றாடி சார் கணக்கு அருமை. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பாதி வழிக்கு மேல் வந்தபின் பிரதான டேங்க் வற்றி எஞ்சின் நின்றே போனதாக சகாய் சொல்லியிருக்கிறார். டேங்க் மாற்றும் பிடியை எப்போதும் இடது கையால் திருப்புவார். அந்தக் கை அன்று அசையாததால், வலது கையைக் குறுக்கே நீட்டித் திருப்பியிருக்கிறார். ஜீரோவில் த்ராட்டிலும் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இடது பக்கம்தான், துப்பாக்கி விசையும் அதன் பிடியிலேயே இருக்கும். ஆக, விமானத்தைத் திருப்பும் கழியைப் பிடிக்கவும் த்ராட்டிலைத் தள்ளவும் வலது கை ஒன்றே மாறி மாறி. ஒவ்வொரு முறை கழியை விடும்போதும் விமானம் ஒரு பக்கம் சாயும்.

முன் கண்ணாடி உடைந்து காற்று நேரே முகத்தில் அடித்தது. முதலுதவிக் கட்டுத் துணிகளைப் பிரித்ததுமே காற்று அள்ளிக்கொண்டு போனது. கடைசியில் கழுத்திலிருந்த பட்டுத் துணியைத் தொப்பிக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்துத்தான் ரத்தத்தை நிறுத்தினார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அவர் குறி தவறவில்லை, ஆளை அடையாளம் கண்டதில்தான் தவறினார். முன்னால் நெருக்கமாகப் பறந்த எட்டு விமானங்களை அமெரிக்க வைல்ட்கேட் என்று நினைத்தார். வைல்ட்கேட் ஒற்றை ஆள் போர் விமானம், பின்னால் சுடாது. ஆகவே பின்னாலிருந்து, சற்றுக் கீழிருந்து நெருங்குவதுதான் சரியான வழி. உண்மையில் அவை டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றிலும் பின்னோக்கி உட்கார்ந்த ஒரு துப்பாக்கிக்காரர், கையில் 7.62 மில்லிமீட்டர் இரட்டைத் துப்பாக்கி. எட்டு விமானம் என்றால் பதினாறு குழல். அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் இரண்டு ரகமும் தடித்த உடலும் நடுத்தர அளவு இறக்கையுமாகத்தான் தெரியும்.

பின் துப்பாக்கியைக் கண்டபோது தூரம் இல்லை. திருப்பினால் வயிற்றைக் காட்ட வேண்டிவரும். அதனால் சுட்டுக்கொண்டே நேரே போனார். ஜீரோவில் குண்டு துளைக்காத முன் கண்ணாடியோ தானாக அடைத்துக்கொள்ளும் டேங்கோ கிடையாது. வெகுதூரம் பறக்க எடை குறைத்ததன் விலை அது. என் பார்வையில் அன்று அவரைக் காயப்படுத்தியதும் வீடு சேர்த்ததும் அந்த எடைக் குறைப்புதான்.

பனங்காடு:
சகாயைப் பற்றிப் படிக்கும்போது, 64 விமானங்களை வீழ்த்தினார் என்று வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். போருக்குப்பின் ஆங்கிலத்தில் அவர் பெயரில் வந்த தன்வரலாறு பரப்பிய எண் அது. ஜப்பானியக் கடற்படை தனி விமானிகளுக்குக் கணக்கு வைப்பதை ஊக்குவிக்கவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் சொல்வது இதைவிட மிகவும் குறைவு. அவர் தாக்கியவை டான்ட்லெஸ் அல்ல, அவெஞ்சர் (டார்பிடோ வீசும் விமானம்) என்று எழுதியிருப்பதும் அதே நூல்தான். இதனால் அவர் திறமை ஒரு துளியும் குறையாது.

வாழ்க்கைச் சுருக்கம்: 1916 ஆகஸ்ட் 26-ல் சாகா மாகாணத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 16 வயதில் கடற்படை, போர்க்கப்பலில் பீரங்கி வேலை. 1937-ல் விமானிப் பயிற்சியில் முதலாவதாகத் தேறி, பேரரசர் பெயரால் வெள்ளிக் கடிகாரம் பெற்றார். காயத்துக்குப்பின் ஜப்பானில் மயக்க மருந்து இல்லாமல் கண்ணில் அறுவை நடந்தது. வலது கண் பார்வை திரும்பவில்லை. கொஞ்ச காலம் பயிற்சி ஆசிரியர்.

1944 ஜூன் 24, இவோ ஜிமா தீவு. தூரத்தில் தெரிந்த விமானங்களைத் தன் பக்கத்து ஜீரோக்கள் என்று நினைத்துச் சேரப் போனார். அவை அமெரிக்க ஹெல்கேட் போர் விமானங்கள். பதினைந்து விமானங்கள் சுற்றிவளைத்தும் தப்பினார், இறங்கிப் பார்த்தால் விமானத்தில் ஒரு குண்டு ஓட்டைகூட இல்லை. இங்கேயும் பிழை அடையாளம் காண்பதில்தான், இந்த முறை ஒற்றைக் கண் காரணம்.

போருக்குப்பின் அச்சகம் வைத்துப் பிழைத்தார். புத்த மதத்தில் ஆழ்ந்தார், எந்த உயிரையும் கொல்வதில்லை என்று உறுதி எடுத்தார். மகளை அமெரிக்காவில் படிக்க வைத்தார்.

இறந்தது 2000 செப்டம்பர் 22, வயது 84. ஜப்பானின் அட்சுகி தளத்தில் அமெரிக்கக் கடற்படை கொடுத்த விருந்துக்கு விருந்தினராகப் போயிருந்தார். அங்கே உடல் முடியாமல் போய், அன்றே மாரடைப்பில் காலமானார். மேசைக்கு எதிரே இருந்த ஓர் அமெரிக்கருக்குக் கைகொடுக்க எட்டியபோதுதான் நெஞ்சு அடைத்தது என்பதும் பரவலாகச் சொல்லப்படுகிறது. தற்கொலை, விமான விபத்து என்று எங்காவது படித்திருந்தால் அது தவறு.

தும்பி:
மூவருக்கும் மிக்க நன்றி. 325-க்கும் 630-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தபின்தான் எல்லாம் தெளிவானது. ஒன்றே ஒன்று: அவரைச் சுட்ட துப்பாக்கிக்காரர் யார் என்று தெரிந்ததா?

பனங்காடு:
தெரிந்தது. ஹெரால்ட் ஜோன்ஸ், டான்ட்லெஸ் ஒன்றின் பின் இருக்கையில் இருந்தவர். 1980-களில் சகாய் அமெரிக்கா போய் அவரை நேரில் சந்தித்தார்.

இறக்கை21:
அதே நாளில் சகாயிடம் வீழ்ந்த வைல்ட்கேட் விமானி பக் சதர்லண்டையும் சேர்த்துப் படியுங்கள். சகாய் 7.7 மில்லிமீட்டர் தோட்டாக்களை நூற்றுக்கணக்கில் செலுத்தியும் அந்த விமானம் விழவில்லை. கடைசியில் 20 மில்லிமீட்டர் பீரங்கிதான் வீழ்த்தியது. ஜீரோவில் அந்தப் பீரங்கி ஒன்றுக்கு 60 குண்டு மட்டுமே; சிறிய துப்பாக்கியே போதும் என்று நம்பி முதலில் அதை எடுத்தார். சதர்லண்ட் பாராசூட்டில் குதித்து, தீவு மக்கள் உதவியோடு உயிர் பிழைத்தார்.