மலையாள நடிகர் மாமுக்கோயாவின் பேச்சு உங்கள் காதில் முதலில் விழுந்தது எங்கே?

கல்லாயிப் பாலம்:

நானே தொடங்கி வைக்கிறேன். 1998 ஜூன் மாதம் வங்கியில் மாற்றலாகி கோழிக்கோட்டில் இறங்கினேன். நல்ல மழை. ஒரு புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்த மலையாளம் கையில் இருந்தது, அந்தத் தைரியம்தான். பாளையம் மார்க்கெட்டில் முதல் நாளே அது போய்விட்டது. காய்கறிக்காரர் பேசியதில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. புத்தகத்தில் 'மழ' என்று இருப்பது அவர் வாயில் 'மய'. கோழி 'கோயி', கோழிக்கோடே 'கோயிக்கோடு'. 'வெள்ளம்' என்ற தண்ணீர் 'பெள்ளம்' ஆகிவிடும். 'நிங்ஙள்' என்பதன் தலையைக் கிள்ளி 'இங்ஙள்' என்பார்கள்.

கிளையில் என்னோடு வேலை பார்த்தவர், "சார், மாமுக்கோயா படமா எடுத்துப் பாருங்க, தானா வந்துடும்" என்றார். கேசட் வாடகைக்குக் கிடைத்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாகப் பார்த்தேன். நான் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றது அப்படித்தான்.

அப்புறம்தான் ஆளைப் பற்றித் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். 1946ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். கல்லாயியில் மரம் அளக்கிற வேலை. நிலம்பூர்க் காட்டு மரமெல்லாம் ஆற்றில் மிதந்து வந்து சேர்ந்த இடம் கல்லாயி. கட்டையின் சுற்றளவு பார்த்து, நீளம் பார்த்து, இன்ன மரம், இத்தனை கன அடி என்று சொல்ல வேண்டும். பகலில் அது, மாலையில் நாடகம். 1979ல் நிலம்பூர் பாலன் இயக்கிய 'அன்யருடெ பூமி'யில் முகம் காட்டினார். அடுத்த படத்துக்கு நாலு வருஷம் ஆனது. 1983ல் 'சுறுமயிட்ட கண்ணுகள்', அதற்கு அவரைச் சிபாரிசு செய்தவர் எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர். 1986ல் சிபி மலயிலின் 'தூரெ தூரெ ஒரு கூடு கூட்டாம்' படத்தில் அரபி முன்ஷியாக, அதாவது அரபி வாத்தியாராக, வந்த பிறகுதான் வாய்ப்புகள் நிற்காமல் வந்தன. கடைசியில் 450 படங்களுக்கு மேல்.

எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்றுதான். இத்தனை படத்திலும் அந்தப் பேச்சை அவர் கழற்றி வைக்கவில்லை. 'தலயணமந்த்ர'த்தில் குஞ்ஞனந்தன் மேஸ்திரி, 'சந்தேச'த்தில் கே.ஜி. பொதுவாள். பெயர் எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் நாக்கு கல்லாயி நாக்குதான். மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்த ஒரு பேச்சை அவர் கேரளம் முழுக்கக் கேட்க வைத்தார்.

நேரில் ஒரே ஒரு முறை பார்த்தேன், டவுன் ஹாலில் ஒரு கூட்டம். வரவேற்றவர் அச்சடித்த மலையாளத்தில் பேசினார். அடுத்து இவர் எழுந்து மைக் முன்னால் நின்றார். காய்கறிக்காரர் பேசிய அதே பேச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குள் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிய ஆரம்பித்திருந்தது.

நீங்கள் சொல்லுங்கள்.

பழனி அடிவாரம்:

எங்கள் ஊருக்கு வந்த கதையில் பார்த்தேன். 1989ல் சத்யன் அந்திக்காடு எடுத்த 'மழவில்காவடி', கதையில் பாதி பழனியில்தான் நடக்கிறது. அதில் மாமுக்கோயா குஞ்ஞிக்காதர் என்ற பிக்பாக்கெட். அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு மலையாள பக்தர்கள் புதிதல்ல, தைப்பூசத்துக்கும் சபரிமலை சீசனுக்கும் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் ஒருவர்தான் இந்தப் படத்தைச் சொன்னார். பார்த்தபோது, கூட்டத்தில் கண்ணை மட்டும் ஓட்டிக்கொண்டு சும்மா நிற்பானே, அந்த நிற்பை அவர் அப்படியே பிடித்திருந்தார். கடைக்காரன் எனக்கு அந்த நிற்பு தெரியும்.

ஷார்ஜா பழைய ரூம்:

நான் 2005ல் போனேன். ராமநாதபுரம் பக்கம். ஏஜெண்டுக்குத் தொண்ணூறாயிரம் கட்டினேன், அதில் பாதி அம்மாவின் நகை. டிரைவர் வேலை என்றார்கள். போய் இறங்கியதும் கட்டட வேலைக்குக் கம்பி தூக்க விட்டார்கள். சம்பளமும் சொன்னதில் பாதி.

ரூமில் எட்டுப் பேர், அஞ்சு பேர் மலப்புரம், கோழிக்கோடு. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு அப்புறம் படம். ஒரு நாள் 'நாடோடிக்காற்று' போட்டார்கள். 1987ல் வந்த படம், அவர்கள் எத்தனையாவது தடவை பார்த்தார்களோ. கபூர் வந்ததும் அத்தனை பேரும் கூடவே வசனம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: தாசன், விஜயன் என்று இரண்டு பேர், மோகன்லாலும் சீனிவாசனும். வேலை போய், கடனாகி, துபாய் போக வழி தேடுகிறார்கள். கபூர் என்கிற மாமுக்கோயா, உரு என்கிற மரக்கப்பலில் ஏற்றிவிடுகிறார். கப்பல் கலிபோர்னியாவுக்குப் போகிறதாம், இவர்களுக்காகத் துபாய் கடற்கரை வழியாகத் திருப்பிவிடுவாராம். இறங்கினால் அரபி உடுப்பைப் போட்டுக்கொள், சலாம் சொல், கபூர்க்கா தோஸ்த் என்றால் போதும் என்று சொல்லிக் கொடுப்பார். இவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கரையேறி நடந்தால் கண்ணில் படுவது தமிழ் எழுத்து. அது மெட்ராஸ்.

ரூமே அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. இவர்கள் ஏமாந்து போய் இறங்கின இடத்துக்குத்தானே நான் திரும்பிப் போக முடியாமல் தவிக்கிறேன் என்று தோன்றியது.

மறுபடி பார்த்தபோதுதான் மாமுக்கோயா என்ன செய்திருக்கிறார் என்று புரிந்தது. அந்தப் படத்தில் அவர் வருவது சில நிமிஷம்தான். அதில் ஒரு இடத்திலும் ஏமாற்றுக்காரன் முழி முழிக்கவில்லை, ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. ரொம்ப அக்கறையாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார். என் ஏஜெண்டும் அப்படித்தான். டீ வாங்கிக் கொடுத்து, "பத்திரமாப் போயிட்டு வா தம்பி, போய் இறங்கினதும் போன் போடு" என்றவர். அந்த முகம் அப்படித்தான் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த மஞ்சேரிக்காரரிடம் என் கதையைச் சொன்னேன். அவருக்கும் ஒரு கபூர் இருந்தான். எட்டுப் பேரில் நாலு பேருக்கு இருந்தான். அன்றைக்கு ராத்திரி எல்லோரும் அவரவர் கபூரைப் பற்றிப் பேசினோம். வந்து மூன்று மாசத்தில் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நூரணி வீடு:

நான் பாலக்காட்டுத் தமிழ். சிரிக்க வைத்த படத்தையே எல்லோரும் சொல்கிறீர்கள். 2004ல் கமல் எடுத்த 'பெருமழக்காலம்' யாரும் பார்க்கவில்லையா?

சவுதியில் ஒரு கொலைக் கேஸ். தூக்குத் தண்டனை பெற்றவன் கோழிக்கோட்டு முஸ்லிம், செத்தவன் பாலக்காட்டு அக்ரஹாரத்துப் பையன். செத்தவனின் மனைவி மன்னித்தால்தான் இவன் பிழைப்பான். மன்னிப்புக் கேட்க இவன் மனைவி, மீரா ஜாஸ்மின், கோழிக்கோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வருவாள். அவளுடைய அப்பா அப்து, அதுதான் மாமுக்கோயா. அதற்கு மாநில விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. 2008ல் 'இன்னத்தெ சிந்தா விஷய'த்துக்கு நகைச்சுவை நடிகர் விருது. அந்தப் பிரிவில் கேரள அரசு கொடுத்த முதல் விருதே அதுதான் என்பார்கள். ஆனால் என் மனதில் நிற்பது அப்துதான்.

எங்கள் தெருவைப் போன்ற ஒரு தெரு. அதில் ஒரு வயதான மாப்பிளா முஸ்லிம், எந்த வாசலில் நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என் பாட்டி என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். ரேடியோவில் வேற்று மதப் பேர் வந்தாலே முகம் சுளிப்பவள். அந்த நிற்பைப் பார்த்துவிட்டு, "அவரை உள்ள வந்து உக்காரச் சொல்லப்படாதோ" என்றாள். டிவியைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேப்பூர் ரீல்ஸ்:

நான் ரொம்ப லேட். காலேஜில் மலையாளி நண்பர்கள் அனுப்பும் 'தக் லைஃப்' வீடியோக்களில்தான் அவரைத் தெரியும். பழைய படங்களில் சட்டென்று ஒரு பதில் சொல்வார், அங்கே நிறுத்தி கறுப்புக் கண்ணாடி மாட்டி பாட்டுப் போடுவார்கள். அப்புறம் 2021ல் 'குருதி' வந்தது. அதில் மூசா காதர் என்ற தாத்தா. வெறுப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட ஒரு இரவு, அதில் அவர் அதே குரலில் பேசிக்கொண்டிருப்பார். நாலு செகண்டுக்கு மேல் அவரை நான் பார்த்த முதல் படம். அன்றைக்குப் பிறகு அந்த வீடியோக்களில் கண்ணாடி போடுவதற்கு முந்தைய செகண்டைத்தான் கவனிக்கிறேன். முகத்தில் அப்போது ஒன்றுமே இருக்காது. நகைச்சுவை சொல்கிறோம் என்ற நினைப்பே இருக்காது.

கல்லாயிப் பாலம்:

எல்லோருக்கும் நன்றி. கடைசி நாளைப் பற்றி நான் எழுதவில்லை, எழுதிவிடுகிறேன்.

2023 ஏப்ரல் 24, மலப்புரம் மாவட்டத்தில் காளிகாவுப் பக்கம் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கி வைக்கப் போயிருந்தார். மலபாரில் செவன்ஸ் என்றால் திருவிழா, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊரே கூடும். அந்த மைதானத்தில்தான் மயங்கி விழுந்தார். 26ஆம் தேதி மதியம் கோழிக்கோட்டில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. 76 வயது.

நான் அப்போது கோவையில் இருந்தேன். கிடைத்த ரயிலில் ஏறிவிட்டேன். டவுன் ஹாலுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. நான் அவர் பேச்சை நேரில் கேட்ட அதே ஹால். வரிசை நீளமாக இருந்தது. சுமை தூக்குகிறவர்கள், மீன்காரர்கள், மாணவர்கள், பர்தா போட்ட பாட்டிகள். பெரிய சினிமாக்காரர்கள் அதிகம் வரவில்லை என்று மறுநாள் சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் நான் நின்ற வரிசையில் குறையாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை, நகர்த்திவிட்டார்கள். மறுநாள் கண்ணம்பறம்பு கபர்ஸ்தானில் அடக்கம்.

வரிசையில் நிற்கும்போது புழுக்கம் தாங்கவில்லை. எனக்குப் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "மய பருமோ?" என்று கேட்டார்.

"பரும்" என்றேன்.