ஏபி கால்குலஸ்: மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டே இருந்தால் மதிப்பெண் ஏறுமா?

மே_மாணவி:
மே மாதம் ஏபி கால்குலஸ் பிசி தேர்வு (பள்ளி மாணவர்கள் எழுதும், கல்லூரி அளவிலான அமெரிக்க நுண்கணிதத் தேர்வு; மதிப்பெண் 1 முதல் 5 வரை). வாரந்தோறும் முழு மாதிரித் தேர்வு எழுதுகிறேன். 3-க்கும் 4-க்கும் நடுவிலேயே நிற்கிறது. எனக்கு 5 வேண்டும். இன்னும் அதிகமாக எழுதவா, வேறு ஏதாவது செய்யவா?

சங்கிலிவிதி:
கொஞ்ச நாள் எழுதுவதை நிறுத்துங்கள். முழுத் தேர்வு நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதிய தாள்களை எடுத்து, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. பிரதியிட்டுத் தொகையிடும் கணக்கைப் பாருங்கள். எல்லை 0 முதல் 2 வரை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1 என்பதைப் புது மாறியாக வைத்தால் எல்லைகள் 1, 5 ஆக வேண்டும். பழையதையே விட்டுவிட்டால் விடை தப்பு, அந்தத் தப்பான விடையும் தெரிவுகளில் ஒன்றாக இருக்கக்கூடும். அந்த ஒரு வகையை மட்டும் எடுத்து நாலைந்து கணக்கு போட்டால் பழகிவிடும்.

நேரக்கணக்கு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கால்குலேட்டர் இல்லாத முதல் பகுதியில் 60 நிமிடத்தில் 30 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டே நிமிடம். மொத்தத் தேர்வு 3 மணி 15 நிமிடம். வீட்டில் நிதானமாகப் பிழை பார்ப்பவருக்கு மூன்றாவது மணி நேரத்தின் களைப்பு தெரியாது. எந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்ளாமல் நகர வேண்டும் என்பது முழுத் தேர்வில்தான் பழகும்.

சங்கிலிவிதி:
நேரம் போதவில்லை என்று அவர் சொல்லவே இல்லையே. மே_மாணவி, காலியாக விட்டது அதிகமா, எழுதித் தவறியது அதிகமா?

மே_மாணவி:
காலியாக எதையும் விடுவதில்லை. பலவுள் தெரிவு நன்றாகவே வருகிறது. விரிவாக எழுதும் ஆறு கேள்விகளில்தான் போகிறது. விடை சரியாக இருந்தும் குறைகிறது.

கரும்பலகை:
கால்குலஸ் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பிரச்சினை அங்கேதான். அந்த ஆறு கேள்விகளுக்கும் தலா 9, ஆக 54. மொத்த மதிப்பில் அது பாதி. பழைய விரிவான கேள்விகளோடு மதிப்பெண் வழங்கும் முறையையும் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு வெளியிடுகிறது. அதை வைத்து உங்கள் தாளை நீங்களே திருத்துங்கள்.

'வகைக்கெழு பூஜ்யம், ஆகவே பெருமம்' என்றால் காரணத்துக்கான மதிப்பெண் கிடைக்காது. எக்ஸ் கனத்துக்கும் பூஜ்யத்தில் வகைக்கெழு பூஜ்யம்தான், அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. வகைக்கெழு மிகையிலிருந்து குறைக்கு மாறுகிறது என்று எழுத வேண்டும். சராசரி மதிப்புத் தேற்றம் என்றால் சார்பு தொடர்ச்சியானது, வகையிடத்தக்கது என்று முதலில் சொல்ல வேண்டும். வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிகளைப் பிரிக்காமல் தொடங்கினால் அந்தப் பகுதியே போய்விடும். அடுக்குத் தொடரில் விகிதச் சோதனையோடு நிறுத்தாதீர்கள், தொடர் ஒருங்கும் இடைவெளியின் இரண்டு முனைகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எண் விடையைச் சுருக்க வேண்டியதும் இல்லை. சுருக்கப் போய்த் தவறினால் கைக்கு வந்த மதிப்பெண் போகும், இது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருத்தம் தருகிற விஷயம்.

நேரக்கணக்கு:
இது நியாயம். ஆனால் இதையும் கேள்விக்கு 15 நிமிடம் என்று கடிகாரம் வைத்துச் செய்ய வேண்டும். அவசரத்தில்தான் அந்தக் காரண வரி விடுபடுகிறது. தேர்வு நெருங்கும்போது முழுத் தேர்வும் கட்டாயம் வேண்டும் என்பேன்.

சங்கிலிவிதி:
கடிகாரம் சரி. முழுத் தேர்வு இப்போதைக்கு வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஏற்கெனவே நன்றாக வரும் பலவுள் தெரிவுப் பகுதியை மறுபடி மறுபடி எழுதுவது நேர விரயம்.

மே_மாணவி:
தொடர் பற்றிய பழைய கேள்வி ஒன்றை 15 நிமிடத்தில் எழுதி, நானே திருத்தி இங்கே போடுகிறேன். பார்க்க முடியுமா, ஐயா?

கரும்பலகை:
போடுங்கள் அம்மா. எந்த வரிக்கு எந்த மதிப்பெண் கொடுத்தீர்கள் என்று ஓரத்தில் குறித்துப் போடுங்கள்.