கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்தைப் புக் பண்ணலாமா? நாளைக்குள் முடிவு எடுக்க வேண்டும்

ஹட்டன் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் இப்போது கப்பலில்தான் இருக்கிறோம். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை, அவன்தான் இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்தான். கடல் என்றாலே பயந்துகொண்டிருந்த கணவர் இப்போது விடியற்காலையிலேயே எழுந்து மேல்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவ்வளவு பிடித்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், கப்பலில் ஒரு மேசை போட்டு அடுத்த பயணத்துக்கு இப்போதே பதியச் சொல்கிறார்கள். இங்கே பதிந்தால் முற்பணம் குறைவாம், அடுத்த கப்பலில் செலவழிக்க நூறு, இருநூறு டொலர் கிரெடிட்டும் கிடைக்குமாம், கரைக்கு இறங்கிவிட்டால் இது கிடைக்காதாம். எங்கள் இருவருக்கும் கிரீஸ் பக்கம் போக ஆசை, அடுத்த வருஷம் டிசம்பர் லீவில் போகலாம் என்று யோசனை. மகன் பதியச் சொல்கிறான். கணவர் வீட்டுக்குப் போய் ஆறுதலாக யோசிப்போம் என்கிறார். இருவருமே அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்கள், வெளிநாட்டு லீவுக்கு அனுமதி வர வேண்டும், வீஸா வர வேண்டும், பணம் எங்கள் சேமிப்பு. இதில் எது சரியாக வராவிட்டாலும் கட்டிய முற்பணம் என்னவாகும்? உண்மையிலேயே இங்கே மலிவா, இல்லை அவசரப்படுத்துகிறார்களா? நாளை கடைசிக் கடல் நாள், எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வைஃபை இடைக்கிடைதான் கிடைப்பதால் பதில் போடப் பிந்தும்.

---

பொகவந்தலாவை கப்பல்காரன்:

வணக்கம் டீச்சர். நான் இன்னொரு கம்பனிக் கப்பலில் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறேன், இப்போது லீவில் வீட்டில். நாளைக்குப் போவதென்றால் காலையில் எல்லோரும் சாப்பாட்டுக்கு நிற்கும் நேரத்தில் போங்கள். கடைசிக் கடல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அந்த மேசையைச் சுற்றி ஒரே கூட்டமாக இருக்கும், நிதானமாகக் கேள்வி கேட்க முடியாது. அங்கே இருப்பவர்கள் விற்பனைக்கு இருப்பவர்கள்தான், ஆனால் கேட்டால் மறைக்க மாட்டார்கள். கேட்காததை அவர்களாகச் சொல்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, கப்பல், திகதி, கெபின் எல்லாம் தெரிவு செய்து பதிவது. மற்றது, எதையும் தெரிவு செய்யாமல் பிறகு பாவித்துக்கொள்ள ஒரு தொகையைக் கட்டி வைப்பது. இந்த இரண்டாவது, கம்பனிக்குக் கம்பனி மாறும். பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா மாதிரிக் கப்பல் கம்பனிகளில் பாவிக்காத தொகையைத் திருப்பிக் கேட்கலாம், நோர்வீஜியன் கம்பனியில் குரூஸ்நெக்ஸ்ட் என்று வாங்குவது திரும்பி வராது. அதனால் பக்கத்து மேசையில் சாப்பிட்ட வெள்ளைக்காரர் “நாங்கள் எப்போதும் வாங்குவோம், பயமில்லை” என்று சொன்னால் அவர் எந்தக் கம்பனியைச் சொல்கிறார் என்று பாருங்கள்.

இன்னொன்று, இது எங்கள் ஆட்களுக்கு முக்கியம். பெயர். தோட்டப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பாடசாலைப் பதிவில் மூன்றாவது ஒன்று என்று இருக்கும். அங்கே வாயால் பெயரைச் சொல்ல வேண்டாம், கடவுச்சீட்டை நீட்டி அதில் உள்ளபடி அடிக்கச் சொல்லுங்கள், மெயிலில் வரும் பற்றுச்சீட்டை அந்த இடத்திலேயே திறந்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கடவுச்சீட்டு பயணம் முடிந்து 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

---

பண்டாரவளை அக்கா:

டீச்சர், தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் நம் கடவுச்சீட்டை வைத்திருப்பவர்களுக்கு முதல் கேள்வி கிரெடிட் எவ்வளவு என்பது இல்லை. வீஸா கிடைக்காவிட்டால் காசு திரும்புமா என்பதுதான். அமெரிக்காக்காரரோ இங்கிலாந்துக்காரரோ எழுதும் ஆலோசனைகளைப் படித்தால் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் இந்தப் பயணங்களில் அவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. நமக்கு சிங்கப்பூர் போக வீஸா வேண்டியதில்லை, இந்தத் தடவை இலகுவாக முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிரீஸ் என்றால் ஷெங்கன் வீஸா வேண்டும், ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான வீஸா அது.

மேசையில் விலை சொல்லும்போது பெரும்பாலும் திரும்பாத முற்பணத்தோடு வரும் விலையைத்தான் முதலில் காட்டுவார்கள், அதுதான் மலிவாகத் தெரியும். திரும்பும் முற்பணத்தோடு ஒரு விலை இருக்கும், அது கொஞ்சம் அதிகம். அதைக் கேட்டு வாங்குங்கள். வாயால் “ஓம், திரும்பும்” என்று சொன்னால் போதாது, பற்றுச்சீட்டில் அந்த வார்த்தை இருக்க வேண்டும்.

அப்புறம் திகதிக் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்னர்தான் விண்ணப்பம் எடுப்பார்கள், அதற்கு முன் எடுக்க மாட்டார்கள். கப்பலுக்கு மிச்சப் பணம் முழுவதையும் கட்ட வேண்டிய கடைசி நாள், ஒரு வாரப் பயணமென்றால் அநேகமாக 90 நாள் முன்னர் வரும் (சரியான நாள் உங்கள் பற்றுச்சீட்டில் இருக்கும்). அதாவது வீஸா வாசல் திறக்கும் நாளுக்கும் முழுப் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் ஏறக்குறைய 3 மாதம் உங்கள் கையில் இருக்கிறது. வாசல் திறந்த முதல் வாரமே கொழும்பில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், சாதாரணமாக 15 நாள், இழுத்தால் 45 நாள், எப்படியும் முழுப் பணம் கட்டுவதற்கு முன்னர் பதில் தெரிந்துவிடும். இல்லை என்று வந்தால் ரத்துச் செய்து முற்பணத்தை எடுத்துக்கொள்ளலாம். வீஸாவுக்குக் கட்டியது மட்டும் போகும், ஆளுக்கு 90 யூரோவும் சேவைக் கட்டணமும். இந்த 3 மாதத்தை வீணாக்கிவிட்டுக் கடைசி மாதத்தில் ஓடுகிறவர்கள்தான் காசை இழக்கிறார்கள்.

பலமுறை நுழையும் வீஸா கேளுங்கள். கிரீஸ் கப்பல்கள் பல, இடையில் துருக்கியின் குசாடாசிக்குப் போய் மறுபடி கிரீஸுக்குள் வரும். பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து உட்கார்ந்தால் தூதரகம் சந்தேகப்படும், ஆகவே இப்போதிருந்தே மாதம் மாதம் சம்பளத்தில் மிஞ்சுவது அந்தக் கணக்கிலேயே நிற்கட்டும். நீங்கள் இருவரும் நிரந்தர அரச ஊழியர்கள், லீவு அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் அது பெரிய பலம்.

---

கண்டி டிக்கட் காரியாலயம்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், ஆனால் விளம்பரத்துக்காக எழுதவில்லை. பண்டாரவளை அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. விலை விஷயத்தில் மட்டும் சில வார்த்தைகள்.

கப்பலில் எப்போதுமே மலிவு என்று இல்லை. அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் வெளியே உள்ளதேதான், மேலதிகமாகக் கிடைப்பது அந்தக் கிரெடிட்டும் குறைந்த முற்பணமும். அந்தக் கிரெடிட் பணமாக வராது, அடுத்த கப்பலில் செலவழித்தே தீர்க்க வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கம்பனிகள் போட்டி போட்டுக் கழிவு கொடுக்கும், அதில் சில சமயம் இதைவிட நல்ல விலை வரும். ஆனால் திரும்பும் முற்பணத்தில் பதிந்திருந்தால் அப்போது விலை இறங்கியதும் முழுப் பணம் கட்டும் நாளுக்கு முன் கேட்டு விலையைக் குறைத்துக்கொள்ளப் பல கம்பனிகளில் வழி இருக்கிறது. சும்மா இருந்தால் அவர்களாகக் குறைக்க மாட்டார்கள், மாதம் ஒரு தடவை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எந்த நாட்டுக் கணக்கில் பதிகிறார்கள் என்று கேளுங்கள். மகனின் சிங்கப்பூர் முகவரியில் பதிந்தால் சிங்கப்பூர்க் கிளையின் விதிகள், வேறு நாட்டில் பதிந்தால் வேறு விதிகள். ரத்து, விலைக் குறைப்பு, முற்பணம் எல்லாமே அதைப் பொறுத்து மாறும். ஊரில் உங்களுக்கு நம்பிக்கையான ஏஜன்சி இருந்தால் பதியும்போதே அதன் பெயரைச் சொல்லுங்கள், கிரெடிட் குறையாது, பிறகு மாற்றவோ ரத்துச் செய்யவோ உங்கள் நேரத்தில், உங்கள் மொழியில் பேச ஒருவர் இருப்பார். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்கும் ஒரு கெடு இருக்கும்.

டொலர். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்தக் காலத்தில் முற்பணம் கட்டி, மிச்சத்தைக் கட்ட இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்று கட்டுவது சிறு தொகைதான், மிச்சம் ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைய விலையில். அதற்கு இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். கார்ட்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, எல்லை எவ்வளவு, வங்கி எவ்வளவு கூட்டி எடுக்கும் என்று வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, டிசம்பர் வேண்டாம். கிரீஸ் தீவுகளுக்கு அந்த மாதத்தில் கப்பல் மிகவும் குறைவு, குளிர், காற்று. ஓகஸ்ட் லீவுக்குப் பாருங்கள். வெயிலும் கூட்டமும் விலையும் அதிகம்தான், ஆனாலும் பார்க்கப் போன இடத்தைப் பார்ப்பீர்கள்.

---

ஹட்டன் டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இரவு முழுக்க இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம். அக்கா சொன்ன அந்த 3 மாதக் கணக்கைக் கணவர் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டார், அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பயம் கொஞ்சம் தெளிந்தது. இன்னுமொரு சந்தேகம். விமான டிக்கட்டையும் இப்போதே போட வேண்டுமா? மகன் கப்பலோடு சேர்த்து வாங்கலாம் என்கிறான். டித்வா புயலுக்குப் பிறகு எங்களுக்குப் பாதை என்றாலே கவலை.

---

நானுஓயா ரயில்பிரியன்:

டிக்கட் இப்போது வேண்டாம் டீச்சர். விமானக் கம்பனிகள் ஏறக்குறைய 11 மாதத்துக்கு முன்னர்தான் ஆசனங்களை விற்பனைக்குத் திறக்கும், ஓகஸ்டுக்கு இன்னும் திறந்தே இருக்காது. வீஸா வருவதற்கு முன் திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கட் வாங்காதீர்கள், தூதரகம் கேட்பது ஆசனம் பதிந்து வைத்ததற்கான சான்றுதான். எங்களைப் போல மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்குச் செலவில் பெரும்பங்கு கப்பல் இல்லை, விமானம். ஏதென்ஸ் வரை இருவருக்கும் என்ன வரும் என்று இந்த வருஷ ஓகஸ்ட் விலையைப் பார்த்து, கப்பல் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டு அந்த மேசைக்குப் போங்கள்.

பாதை விஷயம், நீங்கள் சொல்வது நியாயம். 2025 நவம்பர் கடைசியில் ரயில் பாதையும் மலைப் பாதைகளும் ஒரேயடியாக வெட்டுப்பட்டு பதுளை, நுவரெலியா, கண்டி மூன்று பக்கமும் எத்தனை பேர் எங்கெங்கோ மாட்டிக்கொண்டோம். ஓகஸ்டில் ஹட்டன் பக்கம் தென்மேல் பருவ மழை, கினிகத்தேனைப் பாதையில் மண் சரியும். இரண்டு நாள் முன்னரே கட்டுநாயக்கப் பக்கம் இறங்கிவிடுங்கள். கப்பல் புறப்படும் நாளன்று ஏதென்ஸில் இறங்குகிற மாதிரி விமானம் போடாதீர்கள், ஒரு நாள் முன்னரே போய் நில்லுங்கள். உங்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டால் அதற்குப் பணம் கிடைக்காது.

---

ஹட்டன் டீச்சர்:

காலையில் போய் வந்துவிட்டோம். தம்பி சொன்னபடியே ஆள் குறைவு. முதலில் காட்டியது திரும்பாத முற்பண விலைதான், திரும்புவது வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் வேறு பக்கத்தைத் திறந்து காட்டினார். கூட வரும் தொகை எங்களால் தாங்கக்கூடியது. ஓகஸ்ட் லீவுக்குள் வருகிற மாதிரி ஏதென்ஸில் ஏறி ஏதென்ஸிலேயே இறங்கும் ஒரு வாரப் பயணம், நடுத்தளத்தில் ஜன்னல் வைத்த கெபின். குசாடாசி இருக்கிறது, அதனால் பலமுறை வீஸா என்று குறித்துக்கொண்டேன். கிரெடிட் கொஞ்சம்தான், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சிங்கப்பூர்க் கிளையில் பதிந்திருக்கிறார்கள், ஏஜன்சியின் பெயரை 30 நாளுக்குள் கொடுக்கலாமாம்.

கணவரின் பெயரில் ஒரு எழுத்து பிழையாக அடித்திருந்தார்கள்! அங்கேயே திருத்திக்கொண்டோம். தம்பிக்குத் தனியாக நன்றி.

கண்டி அண்ணா, ஊருக்கு வந்ததும் உங்களுக்குத் தனிச் செய்தி போடுகிறேன். அக்கா, லீவு அனுமதிக் கடிதத்தை வலயக் கல்விக் காரியாலயத்தில் எத்தனை மாதம் முன்னர் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

பண்டாரவளை அக்கா:

வீஸா வாசல் திறப்பதற்கு 2 மாதம் முன்னரே அதிபர் மூலம் கொடுத்துவிடுங்கள் டீச்சர். கடிதத்தின் ஆங்கிலப் பிரதியையும் அப்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.