கரிசல் மண்ணில் 5 அடி கடைக்கால் போதுமா? அறிக்கை வந்தும் குழப்பம் தீரவில்லை

கேள்வி: கரிசல்வாசி, கோவில்பட்டி

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் சுமார் 850 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டப்போகிறோம். பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணமும் உண்டு. இடம் முழுக்கக் கரிசல். சித்திரையில் வெடிப்புக்குள் கம்பை விட்டால் ஒரு முழம் இறங்குகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வெடிப்பு இருந்த தடமே தெரிவதில்லை.

5 அடி குழி எடுத்து, அடியில் ஒரு அடி எம்-சாண்ட் நிரப்பி, அதன்மேல் 4-க்கு 4 அடி ஃபுட்டிங் (தூணின் அகன்ற அடித்தளம்) போட்டுத் தூண் எழுப்பலாம் என்கிறார் மேஸ்திரி. பக்கத்து வீட்டையும் இப்படித்தான் கட்டினார்கள். அங்கே ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. மழைக்காலத்தில் பின்கதவைத் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கிறது.

அதைப் பார்த்த பயத்தில் மண் பரிசோதனை செய்தோம். அறிக்கையில் உள்ளவை: 2.7 மீட்டர் வரை கருங்களிமண், அதற்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்பு முடிச்சுக் கல்) கலந்த சிதைந்த பாறை. களிமண்ணின் வீக்கக் குறியீடு 80 சதவீதம். 1.5 மீட்டர் ஆழத்தில் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 10 டன். நிலத்தடி நீர் தென்படவில்லை.

10 டன் தாங்கும் என்றால் மேஸ்திரி சொல்வது சரிதானே? வீக்கக் குறியீட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: விளாத்திகுளத்திலிருந்து

அண்ணாச்சி, 5 அடியோடு நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டுக்கு அடியில் குமிழ் வைத்த பைல் (ஆழத் துளையில் வார்க்கும் காங்கிரீட் தூண்) போட்டோம். 30 செ.மீ. விட்டத் துளை, அடியில் 75 செ.மீ. அகலக் குமிழ், ஆழம் 3.5 மீட்டருக்குச் சற்று மேல். பல மழைக்காலம் பார்த்தாகிவிட்டது, சுவரில் ஒரு கீறல் கிடையாது. நீங்களும் பைலே போடுங்கள்.

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், மதுரை

முதலில் அந்த 80 சதவீதத்தைப் பார்ப்போம். ஆய்வகத்தில் சலித்த உலர்மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்து இரண்டிலும் மண் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. அதில் 10 மி.லி. இடம் பிடித்த உங்கள் மண் தண்ணீரில் 18 மி.லி. பிடித்திருக்கிறது என்பதுதான் 80 சதவீதத்தின் பொருள். மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் தன் அடுக்குகளுக்கு இடையே நீரை இழுத்துக்கொள்வதால் வரும் வீக்கம் இது.

இப்போது 10 டன். கட்டடம் எவ்வளவு பாரம் வரை கீழே அமுங்காமல் நிற்கும் என்பதற்கு மட்டுமே அது விடை. உங்கள் மண்ணோ கட்டடத்தை மேலே தூக்கக் கூடியது. இவ்வகைக் களிமண்ணின் வீக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன்னைத் தாண்டுவதும் உண்டு. தரைத்தளம் மட்டுமுள்ள வீடு அதை அமுக்கிப் பிடிக்கும் அளவுக்குக் கனமில்லை. கரிசலில் பெரிய கட்டடங்களைவிடச் சின்ன வீடுகளும் சுற்றுச்சுவர்களும் அதிகம் விரிசல் காண்பது இதனால்தான்.

வீடு மொத்தமாக ஒரே அளவில் ஏறி இறங்கினால்கூடப் பெரிய சேதம் வராது. ஆனால் வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் வெயிலும் மழையும் எட்டாததால் ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரச் சுவர்களின் அடிமண் மட்டும் கோடையில் சுருங்கி, மழையில் உப்புகிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் ஜன்னல் மூலையில் சாய்வு விரிசலாகக் கிழிக்கிறது, கதவு நிலையைக் கோணலாக்குகிறது.

எனவே கடைக்கால் இந்த ஏறி இறங்கும் மண்டலத்தைத் தாண்டி நிற்க வேண்டும். ஆழமான கரிசலில் சுமார் 3.5 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த குமிழ் பைல் இதற்காகவே வந்தது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதியில் அதன் விதிகள் உள்ளன. விளாத்திகுளம் நண்பருக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை, அங்கே களிமண் ஆழமாக இருந்திருக்கும். உங்களுக்கு 2.7 மீட்டரிலேயே கெட்டித் தரை வந்துவிடுகிறது. குமிழ் வெட்டும் கருவி சிதைந்த பாறையில் சுழன்று வேலை செய்யாது. குமிழைக் களிமண்ணுக்குள்ளேயே வைத்தால் பைலின் பயனே போய்விடும்.

என் பரிந்துரை இது. தூண்குழிகளைச் சுக்கானுக்குள் குறைந்தது ஓர் அடி இறக்கி, ஃபுட்டிங்கை அங்கே வையுங்கள். ஆழம் ஏறக்குறைய 10 அடி வரும். இரண்டு மடங்கு ஆழம் என்றாலும் கெட்டித் தரையில் ஃபுட்டிங்கின் அளவு குறையும், ஆகவே செலவு இரட்டிப்பாகாது. மாடியின் பாரத்தையும் இப்போதே கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். களிமண் தூணின் பக்கங்களைப் பற்றியும் மேலே இழுக்கும். அதனால் தூண்கம்பி ஃபுட்டிங்கிலிருந்து பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் காங்கிரீட் உத்திரம்) வரை முறையாகத் தொடர வேண்டும்.

அந்த ஒரு அடி எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் நீரை எளிதில் வடியவிடாத களிமண், நடுவில் மணல் என்றால், மழைநீர் தங்குவதற்கு நாமே தொட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும். நம் பக்கம் வேரூன்றிப்போன இந்தப் பழக்கம் பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது.

கரிசல்வாசி

மிக்க நன்றி ஐயா. பிளிந்த் பீம் தரையில் படிந்துதானே இருக்கும், அதைக் களிமண் தூக்காதா? வீட்டுக்குள் டைல்ஸ் தரை என்ன ஆகும்?

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், மதுரை

தூக்கும். ஆகவே பீமைத் தரையில் படிய விடாதீர்கள், அடியில் 80 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். வெளிப்பக்கம் மண் சரிந்து அந்த இடைவெளியை அடைத்துவிடாமல் ஒரு மெல்லிய தடுப்புச் சுவர் வையுங்கள்.

தரை தனிச் சிக்கல். சுவர் அசையாமல் நிற்க, டைல்ஸ் மட்டும் நடுவில் மேடு தட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மும்பை ஐ.ஐ.டி.யில் காட்டி என்ற பேராசிரியர் ஆராய்ந்து சொன்ன வழி இதற்கு உதவும்: கரிசலுக்கு மேல், வீங்காத ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் மண்ணைச் சுமார் ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கி நிரப்புவது. சரளை கலந்த செம்மண் பெரும்பாலும் பொருந்தும். வாங்கும் முன் அதற்கும் அதே குடுவைப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அரை அடி அரை அடியாகப் பரப்பி, ஈரம் பார்த்து இடித்து இறுக்க வேண்டும். தூணைச் சுற்றியுள்ள குழியை நிரப்பவும் இதே மண்தான்.

வீட்டைச் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் காங்கிரீட் தளம் போடுங்கள். கூரை நீரும் குளியலறை நீரும் அதைத் தாண்டித்தான் விழ வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைக் கடைக்காலை ஒட்டி வைக்காதீர்கள். வேப்பமரம் வைப்பதானால், அது வளர்ந்து நிற்கும் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். அதன் வேர் கோடையில் மண்ணின் ஈரத்தை ஒருபக்கமாக உறிஞ்சிவிடும்.

பதில்: விளாத்திகுளத்திலிருந்து

பாறை அவ்வளவு மேலே இருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் பொறியாளர் சொல்வதே சரி. கரிசல் குழியின் பக்கச்சுவர் வெடிப்பு வழியாகப் பாளம் பாளமாகச் சரியும் அண்ணாச்சி. முட்டுக் கொடுக்காமல் 10 அடிக் குழிக்குள் ஆளை இறக்க விடாதீர்கள்.

கரிசல்வாசி

மேஸ்திரியிடம் பேசினேன், ஒத்துக்கொண்டார். முதலில் வடகிழக்கு மூலையில் ஒரு குழி எடுக்கிறோம். சுக்கான் வந்துவிட்டதை எப்படி உறுதி செய்வது?

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், மதுரை

கடப்பாரை குத்தினால் களிமண்ணில் சத்தமில்லாமல் ஏறும், சுக்கானில் ணங்கென்று திருப்பி அடிக்கும். வெள்ளை முடிச்சுகள் மட்டும் தெரிந்தால் போதாது. அவை களிமண்ணுக்குள்ளும் இருக்கும், ஆகவே இன்னும் தோண்டுங்கள். ஒரு மூலையில் 9 அடியில் கிடைத்தது மறு மூலையில் 11 அடியிலும் கிடைக்கலாம். ஒவ்வொரு குழியையும் தனித்தனியே பார்த்து ஆழத்தை எழுதி வையுங்கள். அடிமட்டம் வந்த அன்றே 4 அங்குலம் பி.சி.சி. (கம்பியில்லாக் காங்கிரீட்) போட்டு மூடிவிடுங்கள். ஒரு மழை விழுந்து அடி ஊறிவிட்டால், ஊறிய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காங்கிரீட்.