நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கேப்டன்

டிசம்பர் 28, 2023, வியாழன்

மதுரை அத்தை: எல்லாரும் டிவி போடுங்கள். கேப்டன் விஜயகாந்த் போய்விட்டார்.

அக்கா: ஐயோ! காலையில்தானே கொரோனா, வென்டிலேட்டர் என்று செய்தி ஓடியது.

பெரியப்பா: வதந்தியாக இருக்கப் போகிறது. அவர் விஷயத்தில் இப்படிக் கிளப்பிவிடுவதே சிலருக்கு வேலை.

சென்னை சித்தப்பா: உண்மைதான் அண்ணா. மியாட் மருத்துவமனை அறிக்கையே வந்துவிட்டது. நிமோனியாவாம். 71 வயதுதான்.

தம்பி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மதுரை அத்தை: எடுத்தாயே, நல்லது. அவர் கட்சி தேமுதிகவின் பொதுக்குழுவில் அவர் சக்கர நாற்காலியில் சாய்ந்து கிடந்த வீடியோவை இரண்டு வாரமாகப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. இனி யாரும் அதைப் போடாதீர்கள்.

தம்பி: சரி அத்தை. ஆனால் ஒன்று கேட்கிறேன், திட்டாதீர்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு அவரை மீம்ஸில்தான் தெரியும். இன்றைக்கு ஊரே அழுகிறதே, எதற்கு?

சென்னை சித்தப்பா: சாப்பாட்டுக்குத்தான் முதலில். நாங்கள் சாலிகிராமத்தில் குடியிருந்தபோது எதிர் வீட்டில் ஒரு லைட்மேன் இருந்தார். மற்ற கம்பெனிப் படம் என்றால் டிபன் கேரியரோடு கிளம்புவார். கேப்டன் படம் என்றால் கேரியர் வீட்டிலேயே கிடக்கும். அந்தக் காலத்தில் செட்டில் ஹீரோவுக்கும் டைரக்டருக்கும் ஒரு சாப்பாடு, மற்றவர்களுக்குப் பொட்டலம். அவர் படங்களில் அந்தப் பந்தி பேதம் கிடையாது. அவருக்கு என்ன வைக்கிறார்களோ அதுதான் லைட்மேனுக்கும். கறி, மீன் உட்பட. தி.நகர் ராஜாபாதர் தெரு ஆபீஸிலும் அப்படித்தான். வாய்ப்புத் தேடி வந்த எத்தனையோ உதவி இயக்குநர்கள் அங்கே சாப்பிட்டுத்தான் பட்டணத்தில் காலம் தள்ளினார்கள்.

அக்கா: இதை நான் நிறையப் பேர் பேட்டியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன் சித்தப்பா.

சென்னை சித்தப்பா: யாரோ ஒருத்தருக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வது வேறும்மா. இவர் அதை வழக்கமாகவே ஆக்கிவிட்டார். கேட்டு வாங்கத் தேவையில்லை, கூச்சப்படத் தேவையில்லை. உட்கார்ந்தால் இலை விழும்.

மதுரை அத்தை: அரிசி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை இல்லையா! விஜயராஜ் என்று எங்கள் ஊரிலிருந்து போனவர். கறுப்பாக இருக்கிறார் என்று எத்தனை பேர் ஒதுக்கினார்களோ.

அக்கா: எல்லாம் சரி, கோபம் மட்டும் அதிகம். 2015இல் நிருபர்களைப் பார்த்துத் ‘தூ’ என்றாரே. கட்சிக்காரர்கள் மேல் கையும் ஓங்குவார். செத்துவிட்டார் என்பதற்காக அதையெல்லாம் இல்லையென்று சொல்ல முடியுமா?

பெரியப்பா: இல்லையென்று யார் சொன்னது? அந்த ஒரு ‘தூ’வை எட்டு வருஷம் ஓட்டினார்கள். நடிகர் சங்கம் கடனில் மூழ்கிக் கிடந்தபோது தலைவராக வந்து, அத்தனை நட்சத்திரங்களையும் மலேசியா, சிங்கப்பூர் என்று கூட்டிப்போய்க் கலைநிகழ்ச்சி நடத்திக் கடனை அடைத்தாரே, அதற்கு யாராவது மீம் போட்டார்களா? 2001இல் சிவாஜி இறந்தபோது கூட்டத்துக்கு நடுவே இறங்கி நின்று ஒழுங்குபடுத்தியது யார்?

தம்பி: பெரியப்பா சூடாகிவிட்டார்.

பெரியப்பா: ஆகாமல்? 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த டாக்டரைப் புதைக்க விடாமல் சென்னையில் கல்லெறிந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஆண்டாள் அழகர் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அடக்கம் செய்யுங்கள் என்றவர் இவர். தாய், தகப்பன் பேரில் இருக்கிற கல்லூரியடா அது! நாமெல்லாம் பால் பாக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரம்.

மதுரை அத்தை: அதை நான் மறந்தே போனேன் அண்ணா.

டிசம்பர் 29, வெள்ளி

சென்னை சித்தப்பா: தீவுத்திடலுக்கு வந்திருக்கிறேன். நேற்று கோயம்பேடு கட்சி ஆபீஸில் இடம் போதாமல்தான் இங்கே கொண்டுவந்தார்கள். இங்கேயும் வரிசை நகரவில்லை. எனக்கு முன்னால் ஒரு கட்டடத் தொழிலாளி, பூச்சு காய்ந்த சட்டையோடு நிற்கிறார். கட்சிக்காரரா என்று கேட்டேன். இல்லையாம், ஓட்டே போட்டதில்லையாம். ‘மனுஷன் நல்ல மனுஷன் சார்’ என்றார்.

அக்கா: ஓட்டு வேறு, இது வேறு. சித்தப்பா, தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? சர்க்கரை மாத்திரை?

சென்னை சித்தப்பா: இருக்கிறது, இருக்கிறது. மதியம் ஊர்வலமாகக் கோயம்பேடு போகிறது. அரசு மரியாதையோடு அங்கேயே அடக்கம். நான் பார்த்துவிட்டு வீட்டுக்குத்தான் வருவேன், அந்தப் பக்கம் வண்டி போகாது.

தம்பி: கேப்டன் என்ற பேர் 1991இல் வந்த அந்த 100ஆவது படத்திலிருந்து வந்ததா?

பெரியப்பா: ஆமாம், ‘கேப்டன் பிரபாகரன்’. ஆனால் நீ முதலில் ‘ஊமை விழிகள்’ பார். 1986இல் திரைப்படக் கல்லூரிப் பையன்களை நம்பி நடித்தது. அந்தத் துணிச்சல் அன்றைக்கு எந்த ஹீரோவுக்கு இருந்தது?

தம்பி: இன்றைக்கு ராத்திரியே பார்க்கிறேன்.

மதுரை அத்தை: ராத்திரி வேண்டாம். அதில் ஒரு கிழவி வருவாள். உன் அப்பன் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கொல்லைப்புறம் தனியாகப் போகவில்லை.