டிரான்ஸ்பாண்டர் சொல்லும் உயரம் 300 அடி கூடுதல்: எங்கே பார்ப்பது?

தக்கலைக்காரன்:
விமானக் கருவிகள் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும். தங்கையின் திருமணத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். மனமோ ஹூஸ்டன் அருகே கொட்டகையில் நிற்கும் எங்கள் சிறு விமானத்தையே சுற்றுகிறது. நானும் நண்பரும் சேர்ந்து வாங்கியது; இரண்டு இருக்கை, அலுமினிய உடல், பாகங்களாக வாங்கி ஒருவர் வீட்டில் கட்டியது. எங்கள் தளம் பெரிய விமான நிலையத்தைச் சுற்றிய 30 கடல் மைல் வட்டத்துக்குள் இருக்கிறது. ராடார் கேட்டால் தானாகப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி, உயரத்தையும் சேர்த்து அனுப்புவதாக, அங்கே கட்டாயம். 2020 ஜனவரி முதல், விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட்டும் வேண்டும். பழைய பெட்டி பழுதானதால், சென்ற மாதம் மோடு எஸ் என்ற வகை டிரான்ஸ்பாண்டரும், காற்றழுத்தத்தை அளந்து உயர எண்ணாக அதற்குத் தரும் புதிய உயர என்கோடரும் ஒரு பணிமனையில் பொருத்தினோம்.

முதல் நாளே கட்டுப்பாட்டாளர், "உயரம் 300 அடி வேறுபடுகிறது, உயரம் அனுப்புவதை நிறுத்துங்கள்" என்றுவிட்டார். விமானியின் முன்னுள்ள உயரமானியான ஆல்டிமீட்டரில் 2,500, அவர் திரையில் 2,800. தரையில் நிற்கும்போது எல்லாம் சரி. நண்பர் ஆல்டிமீட்டரின் அழுத்தக் குமிழைத் திருகிப் பார்த்தார். பெட்டியில் தெரியும் எண் அசையவே இல்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமா?

பழைய ராடார், நாகர்கோவில்:
அனுப்பாதீர்கள் தம்பி. விமானப்படையில் ராடார்ப் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அந்த எண் அசையாததுதான் சரி. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி வரும், பெட்டி 1090-இல் பதில் சொல்லும். பதிலில் போகும் உயரம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அளவை வைத்து என்கோடர் கணக்கிட்டது. உள்ளூர் அழுத்தத்துக்கான திருத்தத்தைத் தரையிலுள்ள கணினி செய்துகொள்ளும். உங்கள் குமிழுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

தரையில் சரி, வானில் தவறு என்றீர்களே, அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நண்பர் இன்னொருவரைக் கூட ஏற்றிக்கொள்ளட்டும். ஆல்டிமீட்டரை 29.92-இல் (அதே பொது அளவு, பாதரச அங்குலத்தில்) வைத்து, ஒரே உயரத்தில் மூன்று வேகங்களில் பறந்து, பெட்டியின் எண்ணையும் ஆல்டிமீட்டரையும் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். உயரம் அனுப்பாமல் அந்த வட்டத்துக்குள் பறக்கக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். முன்னதாகவே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொல்லங்கோட்டுப் பெண்:
விமானப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். அண்ணா, என்கோடரிலிருந்து பெட்டிக்கு எத்தனை கம்பிகள் போகின்றன? பழைய முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனிக் கம்பி உண்டு. அதில் ஒன்று அறுந்தால் சில உயரங்களில் மட்டும் எண் தாவும், மற்ற உயரங்களில் சரியாக இருக்கும்.

தக்கலைக்காரன்:
தொடர் முறைதான் தங்கச்சி, தரவுக்கு ஒரே கம்பி. எந்த உயரத்திலும் எண் கூடுதலாகவே இருக்கிறது.

கொல்லங்கோட்டுப் பெண்:
அப்படியானால் கம்பியை விட்டுவிடுங்கள். என்கோடருக்கு வெளியழுத்தத்தைக் கொண்டுவரும் காற்றுக் குழாயைப் பாருங்கள்.

தேங்காய்ப்பட்டணம் படகுக்காரர்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் படகுகளிலும் டிரான்ஸ்பாண்டர் என்கிறார்களே, இதுவும் அதுவும் ஒன்றா?

பழைய ராடார், நாகர்கோவில்:
பெயர்தான் ஒன்று. படகில் இருப்பது தன் இடத்தையும் ஆபத்துச் செய்தியையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். நாங்கள் பேசும் பெட்டி, ராடார் கேட்டால் பதில் சொல்வது.

தக்கலைக்காரன்:
நண்பர் நேற்றுப் பறந்துவிட்டார். 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் 300 அடி கூடுதல், 110-இல் 150 அடி, 75-இல் 75 அடி.

பழைய ராடார், நாகர்கோவில்:
வேகம் பாதியானதும் பிழை கால்பங்காகிவிட்டது பாருங்கள்! மின்பிழைக்கு விமானத்தின் வேகம் தெரியாது, காற்றழுத்தத்துக்குத் தெரியும். என்கோடர் வெளியழுத்தத்தை எடுக்காமல் இருக்கையறைக் காற்றை அளக்கிறது என்று அடித்துச் சொல்வேன். ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் வீட்டுக்குள் இருந்திருக்கிறீர்களா? காற்று சன்னலை உரசிக்கொண்டு ஓடும்போது உள்காற்றை வெளியே உறிஞ்சும், கதவு படீரென்று அறையும். பறக்கும் விமானத்தின் அறைக்குள்ளும் அப்படித்தான் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் குறைந்தால் என்கோடர் அதை உயரம் என்று எண்ணிக்கொள்ளும்.

கருவிப் பலகையைக் கழற்றி, என்கோடரின் காற்று முனையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருத்தியபின் ஆல்டிமீட்டரையும் என்கோடரையும் சேர்த்துச் சோதித்த சான்றிதழ் தந்தார்களா?

தக்கலைக்காரன்:
படம் வந்துவிட்டது ஐயா. என்கோடரின் பித்தளை முனை மொட்டையாக நிற்கிறது, அதில் குழாயே இல்லை. ஆல்டிமீட்டருக்குப் போகும் குழாயில் புதிதாக ஒரு டி-இணைப்பு இருக்கிறது. அதன் மூன்றாவது வாயில் சிவப்பு மூடி கழற்றப்படாமல் அப்படியே இருக்கிறது. சான்றிதழ் தரவில்லை, பெட்டியை மேசையில் வைத்துச் சோதித்த தாள் மட்டும் இருக்கிறது.

கொல்லங்கோட்டுப் பெண்:
மூடி இறுக்கமாக இருந்ததால்தான் ஆல்டிமீட்டர் ஏமாறவில்லை. அவர்கள் செய்யாமல் விட்ட அந்தச் சேர்த்துப் பார்க்கும் சோதனையில் வெளியழுத்தத் துளையில் கருவியைப் பொருத்தி உறிஞ்சியிருந்தால், ஆல்டிமீட்டர் ஏறியிருக்கும், என்கோடர் தரையிலேயே நின்றிருக்கும். பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். எனக்குக் கோபமாக வருகிறது அண்ணா. அந்த எண்ணை நம்பித்தான் மற்ற விமானங்களை விலக்குகிறார்கள்.

பழைய ராடார், நாகர்கோவில்:
வீட்டில் கட்டிய வகை விமானம் என்பதால் குழாயை நண்பரே மாட்டலாம். சோதனையை மட்டும் உரிமம் பெற்ற பணிமனைதான் செய்ய வேண்டும்; அதன்பின் 24 மாதத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பாண்டர் சோதனையும் உண்டு. ஆல்டிமீட்டருக்கும் என்கோடருக்கும் 125 அடிக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது அங்குள்ள விதி. டி-இணைப்பைத் திறப்பதால் கசிவும் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா காற்றை ஊதிப் பார்க்க வேண்டாம், ஆல்டிமீட்டர் கெட்டுவிடும்.

தக்கலைக்காரன்:
வேறொரு பணிமனையில் இன்று சோதனை முடிந்தது. கசிவு இல்லை. 10,000 அடி வரை வேறுபாடு 25 அடியைத் தாண்டவில்லை. இந்த முறை நண்பர் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். திருமணம் வரும் ஞாயிற்றுக்கிழமை. ஐயா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். தங்கச்சி, நீயும் வா.