ஏழு வயதில் வாங்கிய புதுநன்மை வெறும் சடங்கா?

ஞானோபதேச டீச்சர்:
இறையியல் படிக்கும் மாணவி ஒருவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. "ஏழு வயதில் வாங்கிய புதுநன்மை வெறும் சடங்கு. ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களை இப்போதுதான் படித்துப் புரிந்துகொண்டேன், இனிமேல் வாங்குவதுதான் எனக்கு உண்மையான நற்கருணை" என்கிறார். பிள்ளைகளைப் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு, தயார் செய்கிறவள் நான். அன்று அந்தப் பிள்ளை அப்பத்தின் வடிவில் வாங்கியது முழு கிறிஸ்துவை. நாலு புத்தகம் படித்ததும் அது சடங்காகிவிடுமா? கொஞ்சம் அடக்கம் வேண்டாமா?

கேள்விக்காரன்:
மாணவி சொன்னதில் என்ன தப்பு? ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? கேள்வி பதிலை மனப்பாடமாக ஒப்பித்தால் தயார் என்று முத்திரை குத்திவிடுகிறீர்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 913 போதிய அறிவும் கவனமான தயாரிப்பும் வேண்டும் என்கிறது. ஏழு வயது என்று அதில் எங்கே இருக்கிறது?

பழைய பீடச்சிறுவன்:
ஏழு வயது எங்கே இருக்கிறது என்று கேட்பவர் தேடிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1910 ஆகஸ்ட் 8 அன்று வந்த ஆணையில் இருக்கிறது. அதற்கு முன் சில இடங்களில் பத்து வயது, சில இடங்களில் பதினாலு வயது வரை பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். "முழுசாகப் புரியட்டும், அப்புறம் வாங்கட்டும்" என்பதுதான் அன்றைக்கும் சொன்ன காரணம். அந்தப் பழக்கத்தைத்தான் அவர் உடைத்தார். மறைக்கல்வி முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இது சாதாரண அப்பம் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும், மீதியை வளர வளரக் கற்கட்டும் என்றார். வளர வளரக் கற்பதைத்தானே அந்த மாணவி இப்போது செய்கிறார்? அப்புறம் ஏன் ஆரம்பத்தைத் தூக்கி எறிகிறார்?

கேள்விக்காரன்:
அந்த ஆணையில் இருப்பது "ஏழாம் வயதையொட்டி, கூடவோ குறையவோ". ஏழு என்று கறாராக இல்லை. பாதியை மட்டும் படிக்கும் பழக்கம் உங்களுக்குப் புதுசில்லை. லத்தீன் பூசை விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

பழைய பீடச்சிறுவன்:
லத்தீன் பூசை விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏழு என்ற எண் அந்த ஆணையில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. முடிந்தது.

இறையியல் மாணவி:
என்னைப் பற்றி என்னை வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். எனக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. புதுநன்மை அன்று அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், வரவில்லை. நன்றி மன்றாட்டு முடியும்வரை அந்தப் பயம் ஒன்றுதான் இருந்தது. கிறிஸ்து வந்திருக்கிறார் என்ற நினைப்பே இல்லை. இப்போது புனித அகுஸ்தினார், பாவியான குரு கொடுத்தது செல்லாது என்ற தொனாத்தியருக்கு எதிராக எழுதியதைப் படிக்கிறேன். கொடுக்கிற குரு பாவியாக இருந்தாலும் அருட்சாதனம் கெடாது, யூதாஸ் ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான் என்கிறார். 1547-இல் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் இன்னும் அழுத்திச் சொன்னது. ஆனால் அதே சங்கம் "தடை வைக்காதவர்களுக்கு" அருள் கிடைக்கும் என்றுதான் சொன்னது. பெறுகிறவரின் மனநிலையையும் பொறுத்தே பலன் என்று 1992-இல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. மனசே அங்கே இல்லாத பிள்ளைக்கு என்ன பலன்? இது என் நேர்மையான கேள்வி. அடக்கம் இல்லை என்று என்னை ஏன் திட்டுகிறீர்கள்?

பழைய பீடச்சிறுவன்:
தங்கச்சி, பல் படக்கூடாது என்று அவ்வளவு பயந்தாயே, அது எதற்கு? சாதாரண அப்பம் என்றால் மென்று விழுங்கியிருப்பாய். அது வேறு ஒன்று என்று உன் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. பத்தாம் பத்திநாதர் கேட்டது அதைத்தான். தடை என்பது தெரிந்தே செய்த சாவான பாவம், விசுவாசமே இல்லாத மனசு. கவனம் சிதறியது எப்படித் தடையாகும்?

எங்கள் பங்கில் நினைவு தப்பிய பாட்டி ஒருவர் இருந்தார். பெற்ற மகளின் பெயரே தெரியாது. பங்குத்தந்தை நற்கருணையோடு வீட்டுக்குப் போகும்போது நான் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு கூடப் போவேன். மகள் சோறு ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். சாமியார் அப்பத்தை உயர்த்தியதும் கைகளைக் கூப்பி நாக்கை நீட்டுவார், ஒவ்வொரு முறையும். உன் கணக்குப்படி அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் பலன் இல்லை. மூச்சு மட்டும் ஓடுகிறவருக்குச் செய்யும் நோயில்பூசுதலையும் நிறுத்திவிட வேண்டியதுதான். பரீட்சை எழுதித் தேறியவர்களுக்கு மட்டும் திருச்சபை என்றால் அது கிறிஸ்துவின் திருச்சபையே இல்லை.

இறையியல் மாணவி:
பாட்டி ஆயுள் முழுக்க நம்பியவர். அந்த நம்பிக்கை உடம்பில் தங்கியிருக்கிறது. எனக்கு அன்று தங்குவதற்கு என்ன இருந்தது? இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு வாயை அடைக்கவும் வேண்டாம்.

கீழைமரபுக்காரன்:
ஏழா எட்டா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் கீழைத் திருச்சபை மரபில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம், கிறிஸ்மா என்ற உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கொடுப்பார்கள். முற்காலத்தில் லத்தீன் மரபினரான நீங்களும் குழந்தைகளுக்குக் கொடுத்தவர்கள்தான். 1562-இல் திரிதெந்து சங்கம் அது கட்டாயமில்லை என்றது, பழைய வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. அருளை வாங்க வயது பார்ப்பது உங்கள் லத்தீன் வழக்கம்.

ஞானோபதேச டீச்சர்:
வயது பார்க்கிறோம் என்று எங்களைக் குறை சொல்லாதீர்கள். தயாரிப்பு இல்லாமல் வாயில் வைத்துவிட்டுப் போனால், அப்புறம் யார் சொல்லிக்கொடுப்பது?

கீழைமரபுக்காரன்:
தாய் சொல்லிக்கொடுப்பாள். வகுப்பில்தான் விசுவாசம் பிறக்கும் என்று நினைப்பதுதான் உங்கள் நோய்.

ஞானோபதேச டீச்சர்:
வருஷக்கணக்காகச் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளோடு உட்காருகிறவர்களை நோய் என்கிறீர்கள். நன்றி.

கேள்விக்காரன்:
கீழைமரபுக்காரர் எந்த விவாதத்துக்கு வந்தாலும் "எங்கள் மரபில்" என்றுதான் ஆரம்பிப்பார். போகட்டும். பீடச்சிறுவன் அண்ணன் ஏழுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சட்டம் 97, ஏழு வயது நிறைந்தவருக்குத்தான் பகுத்தறிவு வந்ததாகக் கருதுகிறது. நிறைந்தால் என்றால் எட்டாவது வயது நடக்கிறது என்று அர்த்தம். ஏழாம் வயது வேறு, ஏழு நிறைவது வேறு.

பழைய பீடச்சிறுவன்:
பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை, உடனே 97-க்கு ஓடுகிறீர்கள். அதுவும் சட்டத்தின் அனுமானம்தான். முன்னாலேயே விவரம் வந்த பிள்ளையை அது தடுக்காது. சாகும் தறுவாயில் இருக்கும் பிள்ளைக்கு, கிறிஸ்துவின் உடலைச் சாதாரண உணவிலிருந்து பிரித்தறியத் தெரிந்து பக்தியோடு வாங்கினால் போதும் என்று நீங்கள் காட்டிய அதே 913-இன் இரண்டாம் பத்தி சொல்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பாதியைப் படிப்பவன் நானா நீங்களா?

கேள்விக்காரன்:
சாகும் தறுவாய் விதிவிலக்கு. விதிவிலக்கை விதியாக்காதீர்கள். ஏழு தொடங்கினாலா, நிறைந்தாலா? நேராகச் சொல்லுங்கள்.

இறையியல் மாணவி:
என் கேள்வி வயதைப் பற்றியதே இல்லை. ஒப்புரவு, அதாவது பாவசங்கீர்த்தனம், பற்றியும் இதையே கேட்கலாம். சொல்லிக்கொடுத்த பாவங்களை ஒப்பித்துவிட்டு வந்தேன். மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது, என்றால் என்னவென்று போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது, அன்று கோவிலில் உட்கார்ந்து அழுதேன். முன்னால் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பழைய பீடச்சிறுவன்:
வித்தியாசம் இல்லை என்று யார் சொன்னது? உன்னிடம் வித்தியாசம் இருக்கிறது, கொடுத்தவரிடம் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குத் தனியாக எழுதுகிறேன், அது பெரிய விஷயம். கேள்விக்காரர் கவனிக்க: "கூடவோ குறையவோ" என்று போட்டிருக்கும்போது தொடங்கினாலா நிறைந்தாலா என்ற கேள்விக்கே இடமில்லை. 1910 ஆணையை முதல் வரியிலிருந்து படித்துவிட்டு வாருங்கள்.

கேள்விக்காரன்:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். தொடங்கினாலா, நிறைந்தாலா?